காத்திருப்போர் பட்டியல் எங்கே?

நம் ஊர்களில் வரிசை என்பது இயல்பாக இருந்த ஒன்றல்ல. திருவிழாவில் முதல் பரிவட்டம் யாருக்கு, முதல் திருநீறு யாருக்கு, தேர்வடத்தை முதலில் தொடுவது யார் என்பதையெல்லாம் வந்த நேரத்தைப் பார்த்து எவரும் முடிவு செய்ததில்லை. பிறப்பைப் பார்த்தே முடிவு செய்தார்கள். கிணற்றடியிலும் அதுதான் நடந்தது. ஆதிக்கச் சாதியார் நீரெடுத்து முடிக்கும்வரை குடத்தோடு தள்ளி நின்றவர்கள் காத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் வரிசையில் நிற்கவில்லை. தங்கள் முறை எப்போது வரும் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அடுத்தவர் மனம் இரங்கினால் தண்ணீர் கிடைக்கும், இல்லையென்றால் வெறுங்குடம்தான்.

ரேஷன் கடை, ரயில் முன்பதிவு, வாக்குச்சாவடி போன்ற இடங்கள்தான் 'முதலில் வந்தவருக்கு முதலில்' என்ற வழக்கத்தை நம் தெருவுக்குக் கொண்டுவந்தன. சாதி வேண்டாம், குலம் வேண்டாம், டோக்கன் எண் போதும். முதல் மரியாதைக்கு நேரெதிரான ஏற்பாடு இது. அதனால் வரிசையைச் சாதி ஒழிப்பின் கருவிகளில் ஒன்றாகவே நான் பார்க்கிறேன். அந்தக் கருவி இன்று மோசமாகப் பழுதுபட்டுக் கிடக்கும் இடங்களில் ஒன்று அரசு மருத்துவமனை.

ஓபி சீட்டு வாங்கக் காலை ஆறு மணிக்கே நிற்கும் கூட்டத்தை நான் சொல்லவில்லை. அது கண்ணுக்குத் தெரியும் வரிசை. மதியத்துக்குள் கரைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வரிசை இருக்கிறது. 'ஆபரேஷன் பண்ணணும், தேதி கொடுக்கிறோம்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், எம்ஆர்ஐ எடுக்க அடுத்த மாதம் வரச் சொல்லப்பட்டவர்கள், மூட்டு மாற்றத்துக்கும் கண்புரைக்கும் கர்ப்பப்பைக் கட்டிக்கும் நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அதில் நிற்கிறார்கள். அவர்கள் மருத்துவமனை வளாகத்தில் இல்லை. வீட்டில் வலியோடு இருக்கிறார்கள், அல்லது வலியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதைத்தான் சிகிச்சை நிலுவை என்கிறோம். இந்த வரிசையில் எத்தனை பேர், எத்தனை மாதமாக, எந்த மருத்துவமனையில், எந்தத் துறையில் என்பதைக் குடிமக்கள் பார்க்கும்படி அரசு வெளியிடுவதில்லை.

காத்திருப்பது யார்?

தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017-18இல் நடந்தது. பிரசவம் நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் சராசரியாக ஆகும் மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய் என்று அந்த ஆய்வு சொன்னது. ஏழு மடங்கு வேறுபாடு. இந்த ஏழு மடங்கைக் கட்ட முடிந்தவர் எந்தப் பட்டியலிலும் காத்திருப்பதில்லை. திங்கட்கிழமை ஸ்கேன், புதன்கிழமை அறுவை சிகிச்சை, சனிக்கிழமை வீடு.

கட்ட முடியாதவர் யார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. நிலம் யாரிடம் இல்லையோ, மாதச் சம்பளம் யாருக்கு இல்லையோ, அடகு வைக்க நகை யாரிடம் இல்லையோ அவர்தான். சேரியும் காலனியும் மீனவக் குப்பமும் மலைக்கிராமமும்தான். மருத்துவமனை ஊழியர் யாரும் 'நீ என்ன சாதி' என்று கேட்க வேண்டியதே இல்லை. சொத்தும் கூலியும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் நாட்டில், காசில்லாதவர் காத்திருக்க வேண்டும் என்ற விதி ஒன்றே போதும். மீதியைச் சமூகம் பார்த்துக்கொள்ளும்.

என் சித்தப்பா கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிப்பவர். குடலிறக்கம் வந்தது. ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில் தேதி கொடுத்தார்கள். முதல் தேதியில் போனபோது மயக்க மருந்து மருத்துவர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் தேதியில் சாலை விபத்தில் அடிபட்டவர்கள் வந்து, தியேட்டர் அவர்களுக்குப் போய்விட்டது. மூன்றாம் தேதியில் ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது, மாத்திரை போட்டுக்கொண்டு ஃபிட்னஸ் வாங்கி வா என்றார்கள். ஒவ்வொரு முறையும் துணைக்குச் சித்தி போனார். இரண்டு பேர் கூலியும் பஸ் செலவும் போனது. ஏழு மாதம் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பலகை தூக்கினார்.

மூன்று காரணங்களும் உண்மையானவை. மருத்துவர்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. உறுத்தியது வேறு. அவருக்குப் பின்னால் தேதி வாங்கிய ஒருவருக்கு, கட்சிப் பிரமுகர் ஒருவரின் போன் வந்ததும், இரண்டே வாரத்தில் முடிந்துவிட்டது. "நமக்குப் போன் பண்ண யாரு இருக்கா?" என்று சித்தப்பா கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் சாதி இருக்கிறது. ஒருவருடைய உறவு வட்டத்தில் டீன் அலுவலக எழுத்தர் இருப்பாரா, ஒன்றியச் செயலாளர் இருப்பாரா, மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பையன் இருப்பானா என்பது தற்செயலாக அமைவதில்லை. பட்டியல் மூடியிருக்கும்வரை சிபாரிசுக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டால், 'எனக்கு முன்னால் இருந்தவர் எங்கே, எனக்குப் பின்னால் இருந்தவர் எப்படி முன்னால் போனார்' என்று எவரும் கேட்கலாம். மருத்துவத்தில் வந்த நேரம் மட்டும் அளவுகோல் ஆகாது. நோயின் அவசரமே முதல் அளவுகோல். புற்றுநோய்க்கட்டி உள்ளவர் குடலிறக்கக்காரரை முந்திப் போவதில் அநீதி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முந்தலுக்கும் எழுத்தில் காரணம் இருக்க வேண்டும். எழுதாத வரிசை மெல்ல மெல்ல மறுபடியும் முதல் மரியாதையாகவே மாறிவிடும்.

எண்ணத் தெரியாத அரசா?

ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது மக்கள் நல்வாழ்வுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. எத்தனை பேர் புறநோயாளிகளாக வந்தார்கள், எத்தனை அறுவை சிகிச்சைகள் நடந்தன, எத்தனை கட்டடங்கள் திறக்கப்பட்டன என்பதெல்லாம் அதில் அடுக்கடுக்காக இருக்கும். எல்லாமே முடிந்த வேலையின் கணக்கு. முடியாத வேலையின் கணக்கு அதில் இடம்பெறுவதில்லை. கடைக்காரர் வரவை மட்டும் எழுதிக் கடனை எழுதாவிட்டால் அது கணக்குப் புத்தகமா?

நீதிமன்றங்களைப் பாருங்கள். வழக்குத் தேக்கத்துக்குப் பேர்போன இடம். ஆனாலும் 2015 முதல் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பின் வழியாக எந்த மாவட்டத்தில் எத்தனை வழக்குகள் எத்தனை ஆண்டுகளாக நிலுவையில் உள்ளன என்பதை யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். தேக்கம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் தேக்கம் இருக்கிறது என்பதை எவரும் மறுக்க முடியாது. முப்பது ஆண்டு பழைய வழக்குக்கு எண் உண்டு. ஓராண்டு பழைய கர்ப்பப்பைக் கட்டிக்கு எண் இல்லை.

தமிழ்நாட்டுக்கு எண்ணத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து இருப்பைக் கணினியில் ஏற்றியது. எந்தக் கிடங்கில் எந்த மாத்திரை எவ்வளவு இருக்கிறது என்பதைச் சென்னையிலிருந்தே பார்க்க முடிந்தது. பிற மாநிலங்கள் வந்து கற்றுக்கொண்டு போயின. அதேபோல், பேறுகால இறப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துத் தணிக்கை செய்யும் முறையை 1990களிலேயே இங்கு தொடங்கினார்கள். எந்த ஊர், எந்த நேரத்தில் வலி வந்தது, எந்த மருத்துவமனை எங்கே அனுப்பியது, எங்கே தாமதம் என்று மாவட்ட அளவில் அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குப் பேறுகால இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. தணிக்கை மட்டுமே இதைச் செய்யவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராமச் செவிலியர்களும் உழைத்தார்கள். ஆனால் எங்கே உழைக்க வேண்டும் என்பதைக் காட்டியது அந்தக் கணக்கு.

காத்திருப்போர் பட்டியலேகூட இங்கே ஒரு துறையில் உண்டு. 2008இல் தொடங்கிய மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டத்தில் உறுப்புவாரியாக, ரத்த வகைவாரியாகப் பதிவேடு பராமரிக்கிறார்கள். அதிலும் சர்ச்சை வந்தது. உறுப்புகள் வெளிநாட்டவருக்கு முன்னுரிமையில் போவதாக 2018இல் குற்றச்சாட்டு எழுந்தது. கேரள முதல்வர் பினராயி விஜயன் அன்றைய தமிழ்நாட்டு முதல்வருக்குக் கடிதம் எழுதினார். பதிவேடு இருந்ததால்தான் அந்தக் கேள்வியையே எழுப்ப முடிந்தது. குடலிறக்கத்துக்கும் மூட்டுக்கும் பதிவேடு இல்லாததால் அங்கே சர்ச்சையே வருவதில்லை. சர்ச்சை இல்லாத இடத்தில் நீதி இருக்கிறது என்று பொருளல்ல.

தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுகள்

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ஓடும் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை. அங்கிருந்து கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொண்டு போனார்கள். படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒவ்வொன்றும் திருப்பி அனுப்பியது. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவு செய்து உயிர் பிழைத்தார். அவருடைய சங்கமான பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி உச்ச நீதிமன்றம் போனது.

1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. உரிய நேரத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை தராமல் போனால் அது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று நீதிமன்றம் சொன்னது. பணமில்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றது. 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இன்னொன்றையும் சொன்னது. எந்த மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது என்பதை உடனே அறிந்து நோயாளியை அங்கே அனுப்ப மையத் தகவல் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்பதும் அந்த வழிகாட்டுதல்களில் ஒன்று. செல்போன் பரவலாகாத காலத்தில் உச்ச நீதிமன்றம் கேட்டது அது. ஒரு கூலித் தொழிலாளர் சங்கம் வாங்கித் தந்த இந்தத் தீர்ப்பு நம் சட்ட மாணவர்கள் நாக்கில் இருக்கிறது. மருத்துவமனை நுழைவாயிலில் எழுதப்படவில்லை.

கண்காணிப்பே வரிசையில் நின்ற கதை

அரசைக் கண்காணிக்கும் அமைப்புகள் இல்லாமல் இல்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் டெல்லி அரசின் மருத்துவக் கட்டமைப்பை 2016-17 முதல் 2021-22 வரையிலான காலத்துக்கு ஆராய்ந்தார். லோக்நாயக் மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சைக்கு இரண்டு, மூன்று மாதமும், தீக்காயம் மற்றும் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைக்கு ஆறு முதல் எட்டு மாதமும் காத்திருக்க வேண்டியிருந்தது என்று அறிக்கை சொன்னது. சாச்சா நேரு குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கு 12 மாதம். எரிந்த தோலோடு எட்டு மாதம். குழந்தைக்கு ஓராண்டு.

அதே அறிக்கையின் இன்னொரு பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ராஜீவ் காந்தி சூப்பர் ஸ்பெஷாலிட்டி மருத்துவமனையில் 12 நவீன அறுவை அரங்குகளில் ஆறும், ஜனக்புரி சூப்பர் ஸ்பெஷாலிட்டி மருத்துவமனையில் ஏழு அரங்குகளும் ஆள் பற்றாக்குறையால் செயல்படாமல் கிடந்தன. ஒரே நகரத்தில் ஒரு பக்கம் குழந்தைகள் காத்திருந்தார்கள், மறுபக்கம் பூட்டிய அரங்குகளில் விளக்குகள் தூசு படிந்து கிடந்தன. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் ஒருவர் இல்லை. பார்த்த தணிக்கையாளரும் ஆண்டுகள் கழித்தே பார்த்தார்.

2022 மார்ச் வரையிலான அந்த அறிக்கை டெல்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2025 பிப்ரவரி 28 அன்று. ஆட்சி மாறிய பிறகுதான் வெளிவந்தது. முந்தைய ஆம் ஆத்மி அரசு தணிக்கை அறிக்கைகளைச் சபையில் வைக்காமல் வைத்திருந்தது. புதிய பாஜக அரசு அவற்றை எடுத்து எதிர்க்கட்சியை அடிக்கப் பயன்படுத்தியது. நோயாளிகளின் வரிசையைப் பற்றிய அறிக்கையே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வரிசையில் நின்றது. அந்தக் குழந்தைகள் அதற்குள் என்ன ஆனார்கள் என்று இரண்டு கட்சிகளும் கேட்கவில்லை. ஆண்டுகள் கழித்து வரும் தணிக்கை ஆட்சியாளருக்குத் தலைவலி தரலாம். நோயாளிக்கு அதனால் பயன் இல்லை.

எண்ணுகிறவர்களும் ஏமாற்றுவார்கள்

இங்கிலாந்தில் 1948இல் தொடங்கிய தேசிய மருத்துவ சேவையில் ஒரு விதி உண்டு. மருத்துவர் பரிந்துரைத்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். நூறில் 92 பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது மாதாமாதம், மருத்துவமனைவாரியாக வெளியிடப்படும். 2023 செப்டம்பரில் அந்தப் பட்டியல் சுமார் 77 லட்சம் சிகிச்சைகளைத் தொட்டது. 2016 வாக்கில் தவறிய 92 விழுக்காட்டு இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. ஆகவே அவர்கள் வெற்றி பெற்றுவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 2024 தேர்தலில் அந்தப் பட்டியல் தெருத்தெருவாகப் பேசப்பட்டது. ஆட்சிக்கு வந்த கட்சி 2029 மார்ச்சுக்குள் 18 வார இலக்கை மீட்போம் என்று தேதி சொல்லி வாக்குக் கொடுத்தது. நம் ஊரில் எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலாவது இப்படி ஒரு தேதி உண்டா? எண்ணே இல்லாதபோது தேதி எங்கிருந்து வரும்?

எண்ணிக்கைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2001இல் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் ஒன்பது மருத்துவமனை நிர்வாகங்கள் காத்திருப்போர் பட்டியலைத் திருத்தியதைக் கண்டுபிடித்தது. ஏறத்தாழ 6,000 நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். நோயாளி எப்போது விடுமுறைக்கு வெளியூர் போகிறார் என்று போனில் கேட்டுக்கொண்டு, அந்த நாட்களையே சிகிச்சைத் தேதியாகக் கொடுத்ததும் நடந்தது. வர முடியாது என்று அவர் சொன்னதும் பட்டியல் சுருங்கிவிடும்.

அமெரிக்காவில் 2014இல் இதைவிடக் கொடுமை. ஃபீனிக்ஸ் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் 14 நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க வைக்க வேண்டும் என்பது இலக்கு. அதை எட்டியதாகக் காட்டினால் அதிகாரிகளுக்கு ஊக்கத்தொகை. தலைமை ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது 1,700 பேர் அதிகாரப்பூர்வப் பட்டியலிலேயே இல்லை. மாதிரிக்கு எடுத்த 226 பேர் சராசரியாக 115 நாட்கள் காத்திருந்தார்கள். மருத்துவமனை காட்டிய கணக்கு 24 நாட்கள். துறை அமைச்சர் எரிக் ஷின்செக்கி பதவி விலக நேர்ந்தது.

இந்த இரண்டு கதைகளும் நமக்குச் சொல்வது ஒன்றுதான். மருத்துவமனையை நடத்துகிறவரே எண்ணவும் கூடாது, எண்ணைக் குறைத்தால் பரிசு என்றும் வைக்கக் கூடாது. நம் நாட்டில் இது இன்னும் ஆபத்து. படிப்பறிவும் போன் செய்யும் துணிச்சலும் குறைந்தவரின் பெயரைத்தான் முதலில் அடிப்பார்கள். 'பலமுறை அழைத்தும் வரவில்லை' என்ற ஒற்றை வரியில் ஓர் இருளர் குடும்பத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அவர்கள் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போயிருப்பார்கள்.

எதிர்ப்பக்கம் சொல்வது

இதைப் பேசும்போதெல்லாம் இரண்டு மறுப்புகள் வருகின்றன. இரண்டையும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, மருத்துவர்கள் சொல்வது. 'ஆளே இல்லாதபோது பட்டியலை வெளியிட்டால் எங்கள் தலையைத்தான் உருட்டுவார்கள்.' நியாயமான அச்சம். ஆனால் 2019 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர் பணியிடங்கள் வேண்டும் என்பது. அந்தக் கோரிக்கைக்கான மிக வலுவான ஆதாரம் இந்தப் பட்டியல்தான். 'எலும்பு அறுவை சிகிச்சைக்கு இத்தனை பேர் ஆறு மாதமாகக் காத்திருக்கிறார்கள், மயக்க மருந்து மருத்துவர் பணியிடம் காலி' என்ற இரண்டு வரிகள் அருகருகே வந்தால் கேள்வி டீனைத் தாண்டி நிதித்துறைக்குப் போகும். பட்டியலை மூடி வைப்பதால் காப்பாற்றப்படுவது மருத்துவர் அல்ல, பணியிடத்தை நிரப்பாத அரசு. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் மருத்துவச் செலவை உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்றது. அந்த ஆண்டும் வந்து போயிற்று. இலக்கு எட்டப்படவில்லை.

இரண்டாவது மறுப்பு நம் தோழர்களிடமிருந்தே வருகிறது. 'அரசு மருத்துவமனையின் குறையை வெளியே சொன்னால் தனியாருக்கு வழிவிட்டதாகாதா? காப்பீட்டு அட்டையைக் காட்டித் தனியாரிடம் அனுப்பிவிடுவார்களே?' இந்தக் கவலை எனக்கும் உண்டு. 2009இல் தொடங்கிய மாநிலக் காப்பீட்டுத் திட்டம் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதே நேரம் பொதுப்பணத்தில் ஒரு பகுதி தனியார் மருத்துவமனைகளுக்குப் போகும் வாய்க்காலாகவும் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பட்டியல் மூடியிருக்கும் இன்றுதானே, மூன்று முறை தேதி தள்ளிப்போனவர் கந்துவட்டிக்கு வாங்கித் தனியாரிடம் ஓடுகிறார்? மறைக்கப்பட்ட காத்திருப்புதான் தனியார் மருத்துவமனையின் சிறந்த தரகர். எந்த சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையில் நெருக்கடி, அதே சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் எவ்வளவு தனியாருக்குப் போகிறது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான், 'அந்தப் பணத்தில் இங்கேயே ஓர் அரங்கு திற' என்று கேட்க முடியும்.

நாம் கேட்க வேண்டியது

ஒன்று, தேதி கொடுக்கப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் எண்ணும் நாளும் போட்ட சீட்டு. தேதி தள்ளிப்போனால் காரணம் அதே சீட்டில் எழுதப்பட வேண்டும். கடிகாரம் முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கக் கூடாது.

இரண்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல் தாலுகா மருத்துவமனை வரை துறைவாரியாக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், மிக நீண்ட காத்திருப்பு எத்தனை நாள் என்பது மாதந்தோறும் வெளியாக வேண்டும். பெயர் வேண்டாம், எண் போதும். காத்திருக்கும்போதே இறந்தவர், தனியாரிடம் போனவர், வராமல் போனவர் ஆகியோர் தனித்தனியாக எண்ணப்பட வேண்டும். இறந்தவரைக் கழித்துவிட்டுப் பட்டியல் குறைந்தது என்று சொல்லும் வாய்ப்பை யாருக்கும் தரக் கூடாது.

மூன்று, மேற்பார்வை சுகாதாரத் துறையின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. பேறுகால இறப்புத் தணிக்கை போல மாவட்ட அளவில் ஒரு குழு வேண்டும். அதில் மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர், நோயாளிகள் தரப்பு, பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். வைக்காமல் இருக்கும் அதிகாரம் அமைச்சருக்கு இருக்கக் கூடாது.

நான்கு, யார் காத்திருக்கிறார்கள் என்பதைச் சாதிவாரியாகவும் அறிய வேண்டும். ஓபி கவுண்டரில் சாதி கேட்கச் சொல்லவில்லை. அது புதிய தீண்டாமைக்கு வழி. மருத்துவமனைக்குத் தொடர்பில்லாத அமைப்பு, மாதிரி ஆய்வாக, நோயாளியின் ஒப்புதலோடு செய்யலாம். இங்கிலாந்தில் கிங்ஸ் ஃபண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2021இல் ஆராய்ந்தபோது, மிக வறிய பகுதிகளில் வாழ்வோர் ஓராண்டுக்கு மேல் காத்திருக்கும் வாய்ப்பு வசதியான பகுதியினரைவிட 1.8 மடங்கு என்று தெரிந்தது. 2025 ஜூலையில் அந்நாட்டு மருத்துவ சேவையே இனவாரியாகவும் வறுமைவாரியாகவும் காத்திருப்புக் கணக்கை முதன்முறையாக வெளியிட்டது. இலவச சிகிச்சை தரும் நாட்டிலேயே ஏழை கூடுதலாகக் காத்திருக்கிறார் என்றால், சாதி நாட்டில் என்ன நிலை? 69 விழுக்காடு இடஒதுக்கீட்டைக் காக்கக் கணக்கு கேட்ட மண் இது. மருத்துவக் கல்லூரி இருக்கையில் யார் உட்காருகிறார் என்று கேட்ட நாம், அதே கல்லூரி மருத்துவமனையின் படுக்கைக்கு யார் காத்திருக்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

இதை வாசிக்கும் இளைய தோழர்களுக்கு ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு நான்கு கேள்விகள் அனுப்புங்கள். இன்றைய தேதியில் ஒவ்வொரு துறையிலும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் எத்தனை பேர்? அவர்களில் மிகப் பழைய பதிவின் தேதி என்ன? அனுமதிக்கப்பட்ட மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை? அறுவை அரங்குகள் எத்தனை, கடந்த மாதம் இயங்கியவை எத்தனை?

'அப்படிப்பட்ட பதிவேடு பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வரலாம். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையும் கையொப்பமும் போட்டு, காத்திருப்பவர்களை எண்ணுவதில்லை என்று அரசே ஒப்புக்கொண்ட ஆவணம் அது. அதை எடுத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரிடம் போங்கள், கிராம சபையில் வாசியுங்கள், 1996 தீர்ப்போடு சேர்த்து நீதிமன்றத்துக்கும் போங்கள். குளத்துக்கும் தெருவுக்கும் கோயிலுக்கும் நம் மூத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். நாம் ஒரு பட்டியலுக்காகப் போடுவோம்.